பிரிஸ்டல் சுற்றிப் பார்க்க: பாலத்தைக் கடைசியில் வையுங்கள்

பிரிஸ்டலுக்குப் படிக்க வந்த மாணவர், ஆஸ்பத்திரி வேலைக்கு வந்தவர், ஃபில்டன் பக்கம் விமானத் தொழிற்சாலைக்கு வந்த இன்ஜினியர், இவர்களைப் பார்க்க ஊரிலிருந்து வரும் அப்பா அம்மா என்று எல்லோரும் முதல் சனிக்கிழமை செய்வது ஒன்றுதான். நேராகக் கிளிஃப்டன் தொங்குபாலம், நாலு ஃபோட்டோ, மதியத்துக்குள் பாத் நகருக்கு ரயில். பாலம் அழகுதான், சந்தேகமில்லை. ஆனால் அதை மட்டும் பார்த்துவிட்டுப் போனால் இந்த ஊருக்குப் பணம் எங்கிருந்து வந்தது, மேட்டில் ஏன் அத்தனை பெரிய வீடுகள், 2020இல் ஏன் இந்த ஊர் உலகச் செய்திகளில் அடிபட்டது என்பதெல்லாம் பிடிபடாது. கீழே துறைமுகத்தில் தொடங்குங்கள். பணம் போன வழியிலேயே மெல்ல மேட்டுக்கு ஏறுங்கள். நான் சொல்லப்போகும் வரிசை அதுதான். நிதானமாகப் பார்க்க இரண்டு நாள் வேண்டும். ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் கிளிஃப்டனை விட்டுவிடுங்கள், துறைமுகத்தை விடாதீர்கள்.

கிளம்பும் முன்

முதலில் கிழமை. துறைமுகக் கரையில் இருக்கும் எம் ஷெட் அருங்காட்சியகம், பிரிஸ்டல் மியூசியம் இரண்டும் சாதாரணமாகத் திங்கட்கிழமை மூடியிருக்கும். செயின்ட் நிக்கலஸ் மார்க்கெட்டில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் இருக்காது. ஆக செவ்வாய் முதல் சனி வரைதான் சரியான நாட்கள். சனிக்கிழமை கூட்டம் இருந்தாலும் ஊர் கலகலப்பாக இருக்கும். டிசம்பரில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும், காலையிலேயே கிளம்புங்கள்.

அடுத்தது ஸ்டேஷன். பிரிஸ்டல் பெயரில் இரண்டு பெரிய ஸ்டேஷன்கள் உண்டு. பிரிஸ்டல் பார்க்வே ஊருக்கு வடக்கே வெகுதூரம் தள்ளி இருக்கிறது. நீங்கள் இறங்க வேண்டியது பிரிஸ்டல் டெம்பிள் மீட்ஸ். ரயிலில் அறிவிப்பைப் பாதி கேட்டுவிட்டுப் பார்க்வேயில் இறங்கும் ஆட்கள் வாராவாரம் உண்டு. லண்டன் பேடிங்டனிலிருந்து டெம்பிள் மீட்ஸுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் பிடிக்கும். டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்தால் விலை நன்றாகக் குறையும், மாணவர்கள் ரயில் கார்டு வாங்கிவிடுவது நல்லது. இன்னும் மலிவாக வேண்டுமென்றால் கோச் பேருந்து. அது ஊர் நடுவிலேயே கொண்டுபோய் இறக்கும்.

காரில் வருபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நகரின் நடுப்பகுதியில் 2022 நவம்பர் முதல் சுத்தக் காற்று மண்டலம் அமலில் இருக்கிறது. புகை விதியை நிறைவு செய்யாத கார் உள்ளே வந்தால் நாளுக்கு 9 பவுண்ட். இங்கே வந்ததும் மலிவாக ஒரு பழைய டீசல் கார் வாங்கியிருந்தால், வண்டி எண்ணை அரசு வலைத்தளத்தில் போட்டுப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். அதைவிட ஊருக்கு வெளியே பார்க் அண்ட் ரைடில் நிறுத்திவிட்டுப் பேருந்தில் வருவது நிம்மதி. பேருந்தில் சில்லறை தேவையில்லை, வங்கி கார்டைத் தட்டினால் போதும்.

செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். கீழே கல் பாவிய தெருக்கள், மேலே ஏற்றம்.

ரெட்க்ளிஃப் முதல் கார்ன் ஸ்ட்ரீட் வரை

டெம்பிள் மீட்ஸ் ஸ்டேஷனே பார்க்கத் தகுந்ததுதான். லண்டனிலிருந்து இங்கே ரயில் பாதை போட்ட ஐசம்பார்ட் கிங்டம் புருனெல் கட்டிய முதல் முனையம் 1840இல் திறந்தது. அந்தப் பழைய கட்டடம் இன்றும் ஒரு பக்கத்தில் நிற்கிறது. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், இன்னும் இரண்டு முறை குறுக்கிடுவார்.

அங்கிருந்து பத்து நிமிட நடையில் செயின்ட் மேரி ரெட்க்ளிஃப் தேவாலயம். நுழைவு இலவசம். கப்பல் வியாபாரிகள் பணத்தைக் கொட்டி எழுப்பிய கோயில் என்பது கூரையைப் பார்த்தாலே தெரியும். ஆனால் நான் முதலில் காட்டுவது உள்ளே இருப்பதை அல்ல, வெளியே கல்லறைத் தோட்டப் புல்லில் இருப்பதை. ஒரு டிராம் தண்டவாளத் துண்டு மண்ணில் குத்திட்டு நிற்கிறது. 1941 புனித வெள்ளி இரவில் ஜெர்மன் குண்டு பக்கத்துத் தெருவில் விழுந்தபோது, தண்டவாளம் பிய்ந்து கட்டடங்களைத் தாண்டிப் பறந்து வந்து இங்கே குத்தியது. அப்படியே விட்டுவிட்டார்கள். கோபுரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

பக்கத்து ரெட்க்ளிஃப் பாலத்தைக் கடந்தால் குயின் ஸ்கொயர். இப்போது மரங்களும் புல்வெளியுமாக, ஆபீஸ் ஆட்கள் சாண்ட்விச் சாப்பிடும் இடம். 1831இல் வாக்குரிமைச் சீர்திருத்தம் கேட்டுக் கிளம்பிய கலவரத்தில் இதன் இரண்டு பக்கங்கள் எரிந்துபோயின. 1930களில் இந்தச் சதுக்கத்தின் குறுக்கே மூலைக்கு மூலை ஒரு பெரிய சாலையையே போட்டுவிட்டார்கள். பல பத்தாண்டுகள் பேருந்தும் லாரியும் இதன் நடுவே ஓடின. பிறகு புத்தி வந்து சாலையைப் பெயர்த்துவிட்டுப் புல் போட்டார்கள்.

அடுத்த தெரு கிங் ஸ்ட்ரீட். 1664இல் கட்டிய, மரச்சட்டம் தெரியும் லேண்டோகர் ட்ரோ என்ற மதுக்கடை இங்கேதான். கடற்கொள்ளையர் கதைகள் நிறைய சொல்வார்கள். ஆதாரம் கேட்காமல் ரசியுங்கள். சைடர் என்று பலகை தொங்கும், ஆப்பிள் ஜூஸ் என்று நினைத்துப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். பீரைவிடக் காட்டமானதும் அதில் உண்டு. எதிர்ப்பக்கம் பிரிஸ்டல் ஓல்ட் விக் நாடக அரங்கம், 1766இலிருந்து நடந்துவருகிறது. அதன் கூரைக்குள் ஒரு மரக்கால்வாய் இருக்கிறது. அந்தக் காலத்தில் மேடையில் இடி இடிக்க வேண்டுமென்றால் அந்தக் கால்வாயில் பீரங்கிக் குண்டுகளை உருட்டிவிடுவார்கள்; சத்தம் ரசிகர்கள் தலைக்கு மேலே உருண்டு போகும். நாடகத்துக்கு டிக்கெட் எடுக்காவிட்டாலும் முன்கூடத்தில் உட்கார்ந்து காபி குடிக்கலாம்.

மதியச் சாப்பாட்டுக்குக் கார்ன் ஸ்ட்ரீட்டுக்கு ஏறுங்கள். எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தின் முன்னால், இடுப்பளவு உயரத்தில், தட்டு வைத்த மாதிரி நான்கு வெண்கலத் தூண்கள் நிற்கும். வியாபாரிகள் அதன்மேல்தான் காசை எண்ணிக் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். விளிம்பில் பெயர்களும் ஆண்டுகளும் பொறித்திருக்கும், விரலால் தடவிப் படிக்கலாம். அப்புறம் தலையை நிமிர்த்திக் கடிகாரத்தைப் பாருங்கள். அதற்கு இரண்டு நிமிட முட்கள். பிரிஸ்டல் லண்டனுக்கு மேற்கே இருப்பதால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது சுமார் பத்து நிமிடம் தாமதம். ரயில் வரும்வரை ஒவ்வொரு ஊரும் தன் நேரத்திலேயே வாழ்ந்தது. ரயில் அட்டவணைக்கு அது ஒத்துவரவில்லை. 1852இல்தான் பிரிஸ்டல் லண்டன் நேரத்துக்கு இறங்கிவந்தது. முந்திப் போகும் முள் லண்டனுடையது, பிந்தி வருவது பிரிஸ்டலுடையது.

பின்னாலேயே செயின்ட் நிக்கலஸ் மார்க்கெட். கண்ணாடிக் கூரை போட்ட சந்தில் வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள். சைவத்துக்குப் பஞ்சமில்லை. பன்னிரண்டரைக்கு மேல் போனால் வரிசை நீளம், உட்கார இடமும் கிடைக்காது, பன்னிரண்டுக்கே போய்விடுங்கள்.

காலேஜ் கிரீன் பக்கம்

சாப்பிட்டுவிட்டு இறங்கினால் சென்டர் என்று எல்லோரும் சொல்லும் திறந்தவெளி வரும். இதன் அடியில் ஃப்ரோம் ஆறு மூடிய சுரங்கத்தில் ஓடுகிறது. ஒருகாலத்தில் பாய்மரக் கப்பல்கள் இங்கேவரை வந்து நின்றன. இங்கேதான் எட்வர்ட் கோல்ஸ்டன் சிலையின் பீடம் இருக்கிறது, சிலை இல்லாமல். ஆப்பிரிக்கர்களைப் பிடித்து அடிமைகளாக விற்ற ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியின் துணை ஆளுநராக இருந்தவர் அவர். ஊருக்குப் பள்ளிக்கூடமும் அறச்சாலையும் கட்டிக்கொடுத்தார் என்பதற்காக 1895இல் சிலை வைத்தார்கள். 2020 ஜூன் 7 அன்று போராட்டக்காரர்கள் அதைக் கயிறு கட்டி இழுத்துத் தள்ளி, உருட்டிக்கொண்டே போய்த் துறைமுகத் தண்ணீரில் போட்டார்கள். பீடத்திலிருந்து துறைமுகக் கரைக்குப் போகும் வழிதான் அவர்கள் சிலையை உருட்டிய வழி. சிலையைப் பிறகு பார்ப்போம்.

காலேஜ் கிரீன் புல்வெளியை ஒட்டிப் பிரிஸ்டல் கதீட்ரல். 1140இல் மடமாகத் தொடங்கியது. உள்ளே போவது இலவசம். நடுக்கூடமும் பக்கக்கூடங்களும் ஒரே உயரம், இங்கிலாந்துத் தேவாலயங்களில் இது அபூர்வம். வெளியே மத்திய நூலகத்தின் அருகே தலைப்பாகையோடு ஒரு வெண்கல மனிதர் நிற்பார். ராஜா ராம்மோகன் ராய். பள்ளிப் பாடத்தில் உடன்கட்டை ஒழிப்பு என்று படித்தோமே, அவரேதான். 1833 செப்டம்பரில் இந்த ஊருக்கு வந்த இடத்தில் காய்ச்சல் கண்டு இறந்தார். அவர் சமாதியும் இங்கேதான் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பார்க் ஸ்ட்ரீட்டில் கொஞ்சம் ஏறினால் ஒரு சிறு பாலம் வரும். அதன் கைப்பிடியில் சாய்ந்து எதிர்ச் சுவரைப் பாருங்கள்: ஜன்னல் விளிம்பைப் பிடித்தபடி ஆடையில்லாமல் ஒருவர் தொங்குவார், மேலே கோபமாக ஒரு கணவர் எட்டிப் பார்ப்பார். 2006இல் பேங்க்ஸி என்ற தெரு ஓவியர் வரைந்தது. மேலே தெறித்திருக்கும் நீலப் பொட்டுகள் பின்னால் யாரோ சாய உருண்டைத் துப்பாக்கியால் சுட்டவை.

அதற்கு அடுத்த கிரேட் ஜார்ஜ் ஸ்ட்ரீட்டில் ஜார்ஜியன் ஹவுஸ். குளிர்காலத்தில் சில மாதம் மூடியிருக்கும், திறந்திருந்தால் தவறவிடாதீர்கள். கரீபியன் கடலின் நெவிஸ் தீவில் கரும்புத் தோட்டம் வைத்திருந்த ஜான் பின்னி 1790 வாக்கில் கட்டிய வீடு. வரவேற்பறை, நூலகம், கீழே சமையலறை, அதற்கும் கீழே குளிர்ந்த நீர்த்தொட்டி. இந்த வீட்டில் அவரோடு இருந்தவர் பெரோ என்ற அடிமை. வீட்டில் அவர் இருந்ததற்கான அடையாளம் அதிகம் மிஞ்சவில்லை. துறைமுகத்தைக் கடக்க 1999இல் கட்டிய நடைபாலத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். இரண்டு பெரிய கொம்புகள் நீட்டியிருக்கும் பாலம், எளிதில் அடையாளம் தெரியும். அதைக் கடந்துதான் அடுத்த இடத்துக்குப் போகிறோம்.

துறைமுகம்

இங்கே அவசரப்படாதீர்கள். கடல் பத்து கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. ஏவன் ஆற்றின் வழியாகத்தான் கப்பல்கள் ஊருக்குள் வந்தன. செவர்ன் கழிமுகத்தின் ஓதம் உலகிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று, நீர்மட்டம் 12 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். நீர் வற்றும்போது கப்பல்கள் சேற்றில் சாய்ந்து கிடக்கும். பலமில்லாத கப்பல் முதுகெலும்பு முறியும். இதற்கு வில்லியம் ஜெஸ்ஸப் என்ற இன்ஜினியர் செய்த வழி, 1804இல் தொடங்கி 1809இல் முடிந்தது: ஆற்றின் பழைய தடத்தை மதகு போட்டு அடைத்து நீரை நிரந்தரமாக நிறுத்தினார், ஓதத்துக்கு ஊரின் தெற்கே புதிதாக ஒரு கால்வாய் வெட்டி விட்டார். நீர் நிற்கும் பக்கம் ஃப்ளோட்டிங் ஹார்பர், ஏறி இறங்கும் பக்கம் நியூ கட்.

இதைப் படிப்பதைவிடக் கண்ணால் பார்ப்பது சுலபம். ஃபோனில் ஏவன்மவுத் ஓத நேரத்தைப் பாருங்கள். நீர் வற்றும் நேரமாக இருந்தால், துறைமுகக் கரையிலிருந்து வாப்பிங் வார்ஃப் வழியாக ஐந்து நிமிடம் தெற்கே நடந்து, ஜெயில் ஃபெரி (Gaol Ferry) நடைபாலத்தில் நில்லுங்கள். இந்தப் பக்கம் படகுகள் தளும்பாமல் மிதக்கும் அதே நேரத்தில், அந்தப் பக்கம் பழுப்புச் சேற்றுச் சரிவுக்கு அடியில் ஒரு ஓடையளவு தண்ணீர் ஓடும். திரும்பும்போது சாலையோரத்தில் பழைய சிறையின் நுழைவாயில் மட்டும் தனியாக நிற்பதைக் காணலாம். 1831 கலவரத்தில் கொளுத்திய சிறை அது.

எம் ஷெட் பழைய சரக்குக் கிடங்கு, 2011 முதல் நகர அருங்காட்சியகம். இலவசம். வாசலில் 1951இல் வைத்த நான்கு மின் பளுதூக்கிகள் நிற்கின்றன. சில வார இறுதிகளில் அவற்றை இயக்கிக் காட்டுவார்கள், கரையோரச் சரக்கு ரயிலில் நீராவி எஞ்சினும் ஓடும். தரையில் தண்டவாளம் பதித்திருக்கிறது. தள்ளுவண்டியில் குழந்தையைக் கொண்டுவருபவர்கள் சக்கரம் சிக்காமல் பாருங்கள்.

உள்ளே கோல்ஸ்டன் சிலை இருக்கிறது. நிமிர்த்தி வைக்கவில்லை. தண்ணீரிலிருந்து எடுத்தபோது இருந்த கிறுக்கல்களோடும் சாயத்தோடும் படுக்க வைத்திருக்கிறார்கள். சுற்றிப் போராட்டப் பலகைகள். சிலையைத் திரும்ப நிறுத்தியிருக்க வேண்டும் என்பவர்களும் உண்டு, தண்ணீரிலேயே விட்டிருக்கலாம் என்பவர்களும் உண்டு. எனக்கு இந்தப் படுத்த நிலைதான் சரியாகப் படுகிறது. பக்கத்திலேயே அடிமை வணிகத்தின் விவரங்கள். பிரிஸ்டல் கப்பல்கள் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு ஏற்றிப்போன சரக்கில் பித்தளைப் பாத்திரம், துப்பாக்கி, மது ஆகியவற்றோடு இந்தியப் பருத்தித் துணியும் உண்டு. அந்தக் கால ஆப்பிரிக்க வணிகத்துக்குத் துணி அனுப்பிய இடங்களில் நம் சோழமண்டலக் கரையும் ஒன்று. துணியைக் கொடுத்து மனிதர்களை வாங்கினார்கள். அவர்கள் விளைவித்த சர்க்கரையும் புகையிலையும் இந்தக் கரைக்கு வந்து இறங்கின.

எம் ஷெட் முன்னால் பெரும்பாலும் மேத்யூ என்ற மரக்கப்பல் கட்டியிருக்கும். 1497இல் ஜான் கேபட் பிரிஸ்டலிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து வட அமெரிக்கக் கரையை அடைந்த கப்பலின் மறுவடிவம், 500ஆம் ஆண்டு நினைவுக்காகக் கட்டியது. எவ்வளவு சின்னது என்று பாருங்கள், அது போதும்.

கரையோரமாகப் பத்து நிமிடம் மேற்கே நடந்தால் எஸ்.எஸ். கிரேட் பிரிட்டன். இந்த ஊரில் காசு கொடுத்து ஒன்றை மட்டும் பார்ப்பதென்றால் இதைப் பாருங்கள். டிக்கெட் மலிவல்ல, வலைத்தளத்தில் முன்பதிவு செய்யுங்கள், இரண்டரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். புருனெல் வடிவமைத்து 1843இல் இதே உலர்துறையில் வெள்ளோட்டம் விட்ட கப்பல். இரும்பு உடம்பும் திருகு விசிறியும் சேர்ந்த முதல் பெருங்கடல் பயணிகள் கப்பல் இதுதான். கட்டி முடித்த பிறகு பார்த்தால் துறைமுக மதகைவிடக் கப்பல் அகலம்; வெளியே எடுக்க 1844 டிசம்பர் வரை ஆயிற்று. பின்னாளில் ஆயிரக்கணக்கான குடியேறிகளை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோனது. 1857 சிப்பாய் எழுச்சியை அடக்கப் பம்பாய்க்குப் படையை ஏற்றிச் சென்றதும் இதுதான். 1861இல் ஆஸ்திரேலியாவுக்குப் போன முதல் இங்கிலாந்து கிரிக்கெட் அணியும் இதில்தான் போனது. கடைசியில் ஃபாக்லாந்து தீவுகளில் கைவிடப்பட்டு, 1937இல் ஆழமில்லாத ஒரு குடாவில் மூழ்கடிக்கப்பட்டது. 1970இல் அதை மிதவைமேல் ஏற்றி அட்லாண்டிக் முழுக்க இழுத்துவந்து, பிறந்த துறையிலேயே ஜூலை 19 அன்று சேர்த்தார்கள். வெள்ளோட்டம் விட்டதும் அதே ஜூலை 19.

முதலில் மேல்தளத்துக்குப் போகாதீர்கள், அடியில் இறங்குங்கள். கப்பலைச் சுற்றிக் கண்ணாடித் தரை போட்டு அதன்மேல் மெல்லிய நீரை ஓடவிட்டிருப்பார்கள். கீழிருந்து பார்த்தால் கடல் மட்டம் தலைக்கு மேலே இருக்கும். அங்கே காற்றை இயந்திரம் வைத்துப் பாலைவனம் அளவுக்கு உலர்த்துகிறார்கள், இல்லையென்றால் உப்பு ஊறிய இரும்பு துருப்பிடித்து உதிர்ந்துவிடும். தகடுகளில் ஓட்டை விழுந்த இடங்களைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். மேலே முதல் வகுப்பு உணவுக்கூடத்தையும் அடித்தட்டுப் பயணிகளின் படுக்கையையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பாருங்கள். அந்தப் படுக்கையில் ஒரு தடவை படுத்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.

வெளியே வந்ததும், பக்கத்துக் கப்பல்பட்டறைச் சுவரில் இன்னொரு பேங்க்ஸி: தோடு இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் அலாரப் பெட்டி வைத்த பெண். திரும்பி நடக்கக் கால் ஒத்துழைக்காவிட்டால் மஞ்சளும் நீலமுமான படகு வரும், ஏறிக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் படகு குறைவு, கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று முன்பே கேட்டு வைப்பது நல்லது.

கிளிஃப்டன்

இரண்டாம் நாள் மேட்டுக்கு. பேருந்தில் போனால் கிளிஃப்டன் வில்லேஜில் இறங்கலாம். முழங்கால் நன்றாக இருந்தால் ஹாட்வெல்ஸ் சாலையிலிருந்து ஜிக் ஜாக் என்ற செங்குத்தான நடைபாதையில் ஏறுங்கள். கீழிருந்து பாலத்தை அண்ணாந்து பார்த்தால்தான் அதன் உயரம் உறைக்கும். ஏவன் பள்ளத்தாக்கின் உயர்நீர் மட்டத்துக்கு மேலே சுமார் 76 மீட்டர். வழியில் வளைந்து நிற்கும் பெரிய மாடிவீட்டு வரிசைகளின் பணத்தில் நல்ல பங்கு நேற்று கீழே பார்த்த சரக்கிலிருந்து வந்தது.

பாலமும் புருனெலின் வடிவமைப்பு. 1831இல் வேலை தொடங்கியது, அதே ஆண்டுக் கலவரத்தில் நின்றது, பிறகு பணம் தீர்ந்தது. பல ஆண்டுகள் கரைக்கு ஒன்றாக இரண்டு தூண்கள் மட்டும் நின்றன. 1859இல் அவர் இறந்த பிறகு, அவர் நினைவாக முடிப்போம் என்று சக இன்ஜினியர்கள் கிளம்பினார்கள். லண்டனில் இடித்த அவருடைய இன்னொரு பாலத்தின் சங்கிலிகளையே கொண்டுவந்து மாட்டி, 1864 டிசம்பரில் திறந்தார்கள். நடந்து கடக்கக் காசில்லை, காருக்கு ஒரு பவுண்ட். பாலத்தின் மறுகரையான லீ வுட்ஸ் பக்கம் உள்ள சிறு அருங்காட்சியகமும் இலவசம். அந்தப் பக்கத்துத் தாங்குமேடை முழுக்கக் கல் நிரப்பியது என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 2002இல்தான் உள்ளே பெரிய வளைவறைகள் காலியாக இருப்பது தெரியவந்தது. முன்பதிவு செய்தால் சீசனில் உள்ளே அழைத்துப் போவார்கள்; ஏணி இறங்க வேண்டும், சின்னக் குழந்தைகளுக்கு அனுமதியில்லை.

ஃபோட்டோவுக்கு அப்சர்வேட்டரி மேட்டுப் புல்வெளி போதும். காலையில் போனால் வெயில் உங்களுக்குப் பின்னால் இருக்கும்.

ஆர்னோஸ் வேல்

ஊர் திரும்ப டெம்பிள் மீட்ஸ் போகும்போது ஒரு மணி நேரம் மிச்சமிருந்தால், பாத் சாலையில் இருபது நிமிட நடையில் ஆர்னோஸ் வேல் கல்லறைத் தோட்டம். நுழைவாயிலைத் தாண்டிக் கொஞ்சம் நடந்ததுமே கிரேக்கத் தூண்களுக்கும் சிலுவைகளுக்கும் நடுவே கல்லில் ஒரு சத்ரி தெரியும், வங்காளத்து மண்டபம் மாதிரி. ராம்மோகன் ராயை முதலில் ஸ்டேபிள்டன் பகுதியில் அவர் தங்கியிருந்த வீட்டுத் தோட்டத்தில் புதைத்தார்கள். 1843இல் இங்கே மாற்றினார்கள். செலவை ஏற்றவர் அவர் நண்பர் துவாரகாநாத் தாகூர், கவி ரவீந்திரநாத்தின் தாத்தா. செப்டம்பர் 27 நினைவுநாளை ஒட்டி ஆண்டுதோறும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள். யார் வேண்டுமானாலும் போகலாம். பல்கலைக்கழகம் திறக்கும் நேரமும் அதுதான் என்பதால் புதிதாக வந்த மாணவர்களுக்கு வசதி. கல்லறைத் தோட்டம் மாலையில் சீக்கிரம் மூடிவிடும், குளிர்காலத்தில் இன்னும் சீக்கிரம். வலைத்தளத்தில் நேரம் பார்த்துவிட்டு, ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே அந்தப் பக்கம் போய்விடுங்கள்.